ஒகினுவுக்குத் துணை தேவையில்லை

மார்ச் மாதத்தில் எங்கள் உசுனாய் ஊருக்கு வருகிறவர்கள் கோட்டுக்கும் தொப்பிக்கும் அத்தனை யோசித்துவிட்டுக் காலுறையில் கோட்டைவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். கூச்சப்படாமல் அந்த மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். பனி உருகும் காலத்தில் இங்கே தரையை நம்பி எதுவும் செய்ய முடியாது. மேலே வெள்ளையாக, சமமாக இருக்கும். மிதித்தால் முழங்கால் வரை சேறு. உங்கள் உதவியாளருக்கும் உலர்ந்த காலுறை தருகிறேன், அவர் எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்தினால்.

சப்போரோவிலிருந்து மூன்று அதிகாரிகள் என் வீட்டுக்கு வந்திருப்பது எனக்குப் பெருமைதான். ஒரு நாரை செத்ததற்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது என்றால் நாட்டில் இன்னும் பண்பு மிச்சமிருக்கிறது. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். கேட்காததற்கும் சொல்கிறேன். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனிடம் நடுவில் குறுக்கிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

என் பெயர் முரோசுமி. இங்குள்ள நடுநிலைப் பள்ளியில் வரலாறும் நன்னெறியும் நடத்தினேன். துறைமுகத்தில் வலை உதறிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் நன்னெறியை என்னிடம்தான் கற்றார்கள். ஓய்வு பெற்ற பிறகு காட்டுப் பறவைச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்தேன். மறுபடி கேட்பார்கள் என்று தெரிந்துதான் மறுத்தேன், கேட்டார்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பனி உருகத் தொடங்கியதும் சனிக்கிழமை மாலைதோறும் மீனவர் கூட்டுறவுக் கூடத்தில் கூடுவோம். அந்த வாரம் யார் என்ன பார்த்தார்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். முதல் வானம்பாடி எங்கே பாடியது, அன்னங்கள் வடக்கே கிளம்பிவிட்டனவா, கடல்கழுகுகள் இன்னும் மிதக்கும் பனிக்கட்டி மேல் உட்கார்ந்திருக்கின்றனவா, இப்படி. சொல்லி முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையசைத்தால் அந்தப் பறவை வந்தாயிற்று. அசைக்காவிட்டால் வரவில்லை. ஒருமுறை கூடத்துக்கு வெளியே மரத்தில் உட்கார்ந்து ஒரு பறவை பாடிக்கொண்டிருந்தது. அது வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பதால் நான் ஏற்கவில்லை. அது பாடி முடிக்கும்வரை அத்தனை பேரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இது நல்ல ஊர், இன்ஸ்பெக்டர்.

ஒகினுவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொலைக்காட்சியில் இரண்டு தடவை காட்டிவிட்டார்கள். கிழக்கே குஷிரோ பக்கம் செந்தலை நாரை என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அங்கே வயலுக்கு வயல் நிற்கும். இவ்வளவு வடக்கே எங்கள் சதுப்புக்கு நாரை வருவதே அதிசயம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஜோடி வந்தது. வந்த வாரத்திலேயே ஒன்று மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது. மற்றது மட்டும் அடுத்த மார்ச்சில் தனியாக வந்து அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த மார்ச்சிலும் வந்தது. கூடத்தில் எழுந்து நின்று நான்தான் சொன்னேன், இது கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி என்று. ஒகினு என்று பெயரும் வைத்தேன். சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. எதிரில் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அதிலிருந்து ஊருக்கு ஒரு வேலை கிடைத்தது. தோக்கிவா என்று என் பழைய மாணவன் ஒருவன், படிப்பு ஏறவில்லை, பலகாரக் கடை வைத்திருக்கிறான். அவன் நாரை வடிவத்தில் அரிசி மாவு உருண்டை செய்து விற்க ஆரம்பித்தான். பெட்டியில் இரண்டு குழி இருக்கும். ஒன்றில் பலகாரம், மற்றது காலி. மேலே ‘அவர் வருவார்’ என்று அச்சடித்திருக்கும். பெண்கள் அந்தக் காலிக் குழியைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். பேருந்து பேருந்தாகக் கைம்பெண்கள் சங்கங்கள் வந்தன. தூரத்தில் நிற்கும் அந்த ஒற்றைப் பறவையைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, நான் வாசிக்கும் கதையைக் கேட்டு அழுவார்கள். கணவனோடு வந்தவர்களும் அழுவார்கள். அந்தக் கணவன்மார்கள் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, நாம் போனால் இவள் இப்படி நிற்பாளா என்று கணக்குப் போடுவது முகத்திலேயே தெரியும்.

என் மனைவி அசஹிகாவாவில் இருக்கிறாள். ஒரு டயர் வியாபாரியை மணந்துகொண்டு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. இதற்கும் நான் சொல்ல வந்ததற்கும் சம்பந்தமில்லை. உங்கள் உதவியாளர் அதை எழுதிக்கொள்வது காகிதத்துக்குக் கேடு.

இனி டாக்டர் குசாகாபே மிட்சுயோ. பல் டாக்டர். துறைமுகத்துக்கு எதிரில் அவருடைய மருத்துவமனை. சப்போரோவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஐம்பது வயதுப் பெண்மணி, உரத்த குரல், உரத்த சிரிப்பு. என் மேல்வரிசைப் பற்கள் அவர் செய்தவை. நான் இப்போது உங்களிடம் இவ்வளவு தெளிவாகப் பேசுவது அவருடைய கைவேலை. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் வாயில் கருவிகளைத் திணித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. “ஒகினு இந்த வருஷம் கொஞ்சம் பூசினாப்புல இருக்கால்ல தலைவரே?” என்பார். நான் என்ன சொல்ல முடியும்? உமிழ்நீர் வடியத் தலையாட்டுவேன். என் தலையசைப்பை இந்த ஊரில் அப்படிப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

இந்த மார்ச் இரண்டாவது சனிக்கிழமை. ஒருவர் அன்னங்களைச் சொன்னார், தலையசைத்தேன். இன்னொருவர் ஒரு கடல்கழுகைச் சொன்னார், அதற்கும் அசைத்தேன். டாக்டர் எழுந்தார்.

“ரெண்டு நாரை. ஒகினு பக்கத்துல இன்னொண்ணு. நேத்து காலையில ரெண்டும் சேர்ந்து குதிச்சுக் குதிச்சு ஆடுது. நான் வண்டியை நிறுத்திட்டுப் பார்த்துக்கிட்டே நின்னேன், முதல் நோயாளி வந்து வாசல்ல காத்துக்கிடந்தாரு.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுப்பு மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

“வெள்ளைக் கொக்கா இருக்கும் டாக்டர்,” என்றேன். “தூரத்துல பார்த்தா அப்படித் தெரியுறது சகஜம்.”

“கொக்குக்கு உச்சந்தலையில செவப்பு எப்ப வந்துச்சு? லிப்ஸ்டிக்கைத் தலையில பூசிக்கிட்டு வந்துச்சா?”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“உறுதிப்படலை,” என்றேன்.

“படம் எடுத்துட்டு வந்தா?”

“தெளிவா இருந்தா பார்க்கலாம்.”

“பல்லு எக்ஸ்ரே மாதிரித் தெளிவா கொண்டாரேன் தலைவரே. அப்பத் தலையாட்டித்தான் ஆகணும்.” சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். “ஏங்க, நீங்க யாருமே பார்க்கலையா? ரோட்டுலேர்ந்தே தெரியுதே?”

எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை நானே போய்ப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தன. டாக்டர் சொன்னது சரி. நான் நியாயமானவன், மனதுக்குள் அதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். அதோடு போயிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம், வழிதவறி வந்த பறவை, நாளைக்குப் போய்விடும் என்று. ஆனால் அவை சேர்ந்து கூவின.

நாரையில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜோடியாகக் கூவும்போதுதான் தெரியும். ஆண் ஒருமுறை நீளமாகக் கூவும், பெண் உடனே இரண்டு முறை சின்னதாகப் பதில் சொல்லும். எங்கள் ஒகினு கழுத்தை வானத்துக்கு நிமிர்த்தி ஒருமுறை கூவினாள். வந்தவள் இரண்டு முறை பதில் சொன்னாள். மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. தவறாகக் கேட்டிருப்பேனோ என்று வெகுநேரம் நின்று கேட்டேன். ஒகினு ஆண். இத்தனை வருடமாக நான் கைம்பெண்ணாக்கி வைத்திருந்தது மனைவியை இழந்த ஒருவனை. அவனும் காத்திருக்கவில்லை, பெண் கிடைக்காமல் நின்றிருக்கிறான். இப்போது ஒருத்தி கிடைத்ததும் வெட்கமில்லாமல் குதிக்கிறான். நான் இன்னும் அவள் என்றுதான் சொல்கிறேன், மன்னியுங்கள், அப்படிச் சொல்வதுதான் அவளுக்கு மரியாதை.

திங்கட்கிழமை மதிய உணவு வேளையில் டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். சண்டையை மறந்துவிட்டார், அவர் அப்படித்தான். பனியில் முளைத்த கசப்பு மொட்டுகளைப் பொரித்து ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார்.

“இதை மெல்ல முடியுதான்னு சொல்லுங்க. முடியலைன்னா பல்லைக் கொஞ்சம் ராவிடலாம்.” பிறகு, “தலைவரே, ரோட்டுலேர்ந்து எடுத்தா படம் கலங்கலா வருது. கானல் மாதிரி ஆடுது. கிட்டப் போகணும். பழைய வாய்க்கால் கரை மேல நடந்து போகலாமா? உங்களுக்குத்தான் இந்தச் சதுப்பு வீட்டுக்கொல்லை மாதிரி.”

அந்தக் கரையில் முந்தின நாள்தான் நான் நடக்கப் பார்த்திருந்தேன். அடியில் தண்ணீர் அரித்து, பனி வெறும் மூடியாக நின்றது. என் கைத்தடி பிடிவரை உள்ளே போனது.

“தாராளமா போங்க,” என்றேன். “கரை கெட்டியா இருக்கு. காலையில போனீங்கன்னா இன்னும் கெட்டி.”

“நீங்க நல்லவருங்க தலைவரே. தோத்துப்போறதுக்கு வழியும் நீங்களே சொல்றீங்க,” என்று சிரித்தார். மொட்டுகள் நன்றாக மொறுமொறுவென்று இருந்தன. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை நான் பறவை பார்க்கும் குடிசையில் இருந்தேன். நாள் தவறாமல் இருக்கிறவன், அதனால் அதில் விசேஷம் எதுவும் இல்லை. தொலைநோக்கியில் டாக்டர் நன்றாகத் தெரிந்தார். முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கவனமாக நடந்தார். பாதிக் கரை தாண்டியதும் சட்டென்று பாதியாகிப்போனார். முதலில் அக்குளுக்கு மேல் வெளியே தெரிந்தார். கைகளால் பனியைப் பிடிக்கப் பிடிக்க அது உடைந்து உடைந்து வந்தது. குடிசை ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். கையை உயர்த்தினார். இரண்டு விரல் நீட்டியிருந்ததாக எனக்குத் தோன்றியது. அந்த நிலையிலும் இரண்டு என்று வாதாடுகிற பெண்ணிடம் நான் என்ன செய்ய முடியும்?

கத்தினார். நான் பதிலுக்குக் கத்தவில்லை. சதுப்பில் குரல் உயர்த்தக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் முதல் விதி. குடிசை வாசலில் பலகையில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, போகும்போது பாருங்கள். நாரைகள் கொஞ்ச நேரம் தலையை நிமிர்த்திப் பார்த்தன. பிறகு சத்தம் நின்றதும் மேய ஆரம்பித்தன. குடுவையில் தேநீர் இருந்தது, குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மதியம் நாணல் வெட்டுகிறவர்கள் பார்த்துச் சொன்னார்கள். எங்கள் ஊர்க் காவலர் வந்தார், அவரும் என் மாணவர்தான். பனி உடைந்து விபத்து என்று ஒரு கையெழுத்து, முடிந்தது. கேமரா முழுக்கத் தண்ணீர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் இப்போது எழுந்திருக்கத் தேவையில்லை, இன்ஸ்பெக்டர். நாரையின் வயிற்றைச் சப்போரோவில் அறுத்து என்னென்ன இருக்கிறது என்று தேடினீர்கள். டாக்டரை யாரும் தேடவில்லை. நீங்கள் நாரையைப் பற்றித்தான் கேட்க வந்தீர்கள், அதற்கும் வருகிறேன்.

டாக்டரின் இறுதிச் சடங்கில் ஊரே கூடியிருந்தது. எல்லோர் வாயிலும் அவர் வேலை செய்திருக்கிறார் அல்லவா. படத்துக்கு முன்னால் ஊதுவத்தி வைத்துவிட்டு வெளியே வந்தபோது தோக்கிவா பக்கத்தில் வந்து நின்றான். கறுப்புக் கோட்டில் மாவு ஒட்டியிருந்தது.

“பாவம் சார். இதுக்குப் போயி உயிரை விட்டுட்டாங்க. படமே வேண்டியதில்லையே.”

“ஏன்?”

“ரெண்டு நாரை நிக்குதுன்னு ஊருக்கே தெரியுமே சார். பலகாரம் போடப் போறப்ப நானும் தினம் பார்க்கறேன். படகுக்காரங்க பார்த்துட்டாங்க. காவலரும் பார்த்துட்டாரு.”

“அப்ப அன்னைக்குக் கூடத்துல ஏன்டா வாயைத் திறக்கல?”

“நீங்க கொக்குன்னுட்டீங்களே. உங்களை எதுத்து எப்படிப் பேசறது? சரி, கொக்காவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்.” மூக்கை உறிஞ்சினான். “டாக்டரம்மா வெளியூரு. அவங்களுக்கு இந்த மாதிரி விட்டுக்கொடுக்கத் தெரியலை.”

“ஒகினு ஜோடியோட நின்னா உன் பலகாரம் என்ன ஆகும், யோசிச்சியா?”

“அதுக்கென்ன சார், அந்தக் குழியிலயும் ஒண்ணை வச்சிட்டாப் போச்சு. கல்யாண வீட்டுக்கும் விக்கலாம். எம் பொண்டாட்டி அப்பவே சொல்லிட்டா.”

இவ்வளவு பேருக்காக நான் ஒருவனாகப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், இவன் மாவு பிசைய ஆள் சேர்க்கிறான். ஊருக்கு ஒகினுவின் காத்திருப்பு வேண்டியதில்லை என்று அன்றுதான் புரிந்தது. அப்படியானால் அதைக் காப்பாற்ற நான் மட்டும்தான் இருந்தேன். டாக்டரைப் பற்றி அப்போது வருத்தப்பட்டேன். அவர் போனதால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிற்றே என்று.

வந்த நாரைக்கு வைத்த சோளத்தில் என்ன கலந்தேன் என்பது உங்கள் ஆய்வகத்துக்கே தெரியும், நான் அதைச் சொல்லித் தரப் போவதில்லை. ஒகினுவும் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கவலைப்பட்டேன். ஆனால் ஏழு வருடம் பார்த்திருக்கிறேன், அவள் குணம் தெரியும். வந்தவள் வயிற்றுப்பிள்ளைக்காரிபோல் எப்போதும் பசியோடு இருந்தாள், நாணல் குச்சிகளைக் கூட்டிக் கூடு போட ஆரம்பித்திருந்தாள். இரை கிடைத்தால் ஒகினு ஒதுங்கி நின்று காவல் காப்பாள், வந்தவள் தின்று முடித்த பிறகுதான் கிட்டே வருவாள். அந்த நல்ல பழக்கத்தை நம்பித்தான் வைத்தேன். ஒகினு என்னைக் கைவிடவில்லை. தூரத்தில் நின்றுகொண்டு, வந்தவள் தின்பதைப் பார்த்தாள். மிச்சம் இருந்ததை நான் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வயிற்றில் முட்டை இருந்தது என்று உங்கள் அறிக்கை சொல்கிறதாமே. இவ்வளவு வடக்கே நாரை முட்டை என்றால், நாங்கள் யாரும் எங்கள் ஆயுளில் கேள்விப்பட்டதில்லை. டாக்டர் இருந்திருந்தால் கூடத்தில் ஆடியே இருப்பார்.

அந்தச் சனிக்கிழமை வந்த பேருந்துக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒகினு கிடந்தவள் பக்கத்திலேயே நின்றாள். ஒருமுறை கூவுவாள், பதிலுக்காகத் தலையைச் சாய்த்து நிற்பாள், மறுபடி கூவுவாள். நான் கதை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நான் நியாயமானவன் என்று முன்பே சொன்னேன். அதுவரை ஒகினுவின் துக்கம் கொஞ்சம் என் கற்பனைதான், ஒப்புக்கொள்கிறேன். அன்று முதல் அது உண்மையான துக்கம். யாரும் இனி அதைக் கொக்கு என்றோ, உறுதிப்படவில்லை என்றோ சொல்ல முடியாது. அவளுக்கு அதை நான்தான் கொடுத்தேன்.

டாக்டரை நான் கொன்றேன், வந்த நாரையையும் நான் கொன்றேன். உதவியாளர் எழுதிக்கொள்ள வசதியாக ஒரே வரியில் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன், என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஆனால் சற்று முன் வாசலில் உங்கள் மூன்றாவது ஆள் போனில் பேசியது என் காதில் விழுந்தது. இன்று காலை ஒகினு பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கிறதாம். ஊரே ரோட்டோரம் நின்று வேடிக்கை பார்க்கிறதாம். இரண்டும் குதிக்கின்றனவாம். நீங்கள் அதை என்னிடம் சொல்லாமல் மறைத்தது நல்ல மனதோடுதான், தெரிகிறது.

என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆட்சேபணையே இல்லை. நாளைக் காலை ஒன்று மட்டும் விட்டுக்கொடுங்கள். நீங்கள் எடுத்துப்போனது ஒரு மூட்டைச் சோளம்தான், இன்னொன்று இருக்கிறது. என்னோடு ஒரு ஆளை அனுப்பினாலும் சரி, தள்ளி நின்று பார்த்துக்கொள்ளட்டும். அவள் விவரம் தெரியாதவள். யார் வந்து நின்றாலும் நம்பிவிடுகிறாள். என்னை விட்டால் ஒகினுவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?